பொட்டலில் பன்னிரண்டாவது

காலை ஆறு பத்துக்குப் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். முதலில் பார்த்தவர் ஆட்டுக்காரர் சுடலையாண்டி.

அது 2071 மார்ச் 9, திங்கட்கிழமை. இடம், செங்கரம்பை ஊருக்குக் கிழக்கே உள்ள பொட்டல். முந்தின நாள் பொழுது சாயும்போது அங்கே ஒன்றுமே இல்லை என்று சுடலையாண்டி பிறகு ஏழு விசாரணைகளில் ஒரே மாதிரி சொன்னார். எதுவும் இறங்கியதை ஊரில் யாரும் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. கருவிகள் மட்டும் பார்த்திருந்தன. நிலவுக்கு அப்பாலிருந்து ஒரு பொருள் வந்தது, பொட்டலுக்கு மேலே நான்கு நிமிடம் நின்றது, வந்த வழியே போய்விட்டது.

பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ஒருவர் நின்ற இடத்துக்கும் அடுத்தவர் நின்ற இடத்துக்கும் அளந்துவைத்தாற்போல் நான்கடி. ஆள் உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு முழம் இருப்பார்கள். கீழே அகலம், மேலே ஒடுக்கம், உச்சியில் ஒரு திறப்பு. சாம்பல் நிறம். தொட்டால் இளஞ்சூடு. கண், காது, கை, கால் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை.

அச்சில் வார்த்ததுபோலவும் இல்லை. மூன்றாம் ஆளுக்கு இடுப்பில் நீலக் கோடு. ஐந்தாம் ஆளுக்கு மூன்று புள்ளிகள். எட்டாம் ஆளுக்கு விலாவில் ஓர் ஒடுக்கு. கடைசி ஆளின் கழுத்தில் நூல்போல ஏதோ சுற்றியிருந்தது.

சுடலையாண்டியின் ஆடுகள் அவர்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போய் மேய்ந்தன. ஆடுகளுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை.

உலகத்துக்குத் தெரிந்தது. நாற்பது நாள் செங்கரம்பையில் தங்க அறை கிடைக்கவில்லை. விஞ்ஞானிகள் வந்தார்கள், கணித வல்லுநர்கள் வந்தார்கள், இசைக் கலைஞர்கள்கூட வந்தார்கள். அணிவகுப்பு என்றார் ஒருவர். தவம் என்றார் மற்றொருவர். கதிர் பாய்ச்சிப் பார்த்ததில் உள்ளே வெற்றிடமாக இருந்தது. நமக்குப் புலப்படாத உறுப்புகள் இருப்பதாக நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது.

அமைச்சர் ஒருவர் வந்து முதல் ஆளுக்குப் பொன்னாடை போர்த்தினார். விருந்தினர் அதை ஏற்றுக்கொண்டதாக மறுநாள் செய்தி வந்தது.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மாசிலாமணி பத்திரிகையைச் சுருட்டி எறிந்தார். ஏற்றுக்கொண்டார் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

மாசிலாமணிக்கு அறுபத்தொரு வயது. மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மொழி பேசுவார். வெளியூர் நிபுணர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிய பிறகு, அரசு அந்த வேலையை அவர் தலையில் கட்டியது. பொட்டலைச் சுற்றிப் போட்டிருந்த வேலிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம் என்பது விதி. அந்த ஒருவர் அவர்.

தினமும் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். ஏணி ஸ்டூலைப் போட்டு ஏறி, உச்சியிலிருந்த திறப்பருகே வாயை வைத்துக் கேட்பார். யார் நீங்கள்? எதற்கு வந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன வேண்டும்?

உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும். அவ்வளவுதான்.

அதை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முனகலையும் பதிவு செய்தார், நீளத்தை அளந்தார், பிரித்தார், எண் போட்டார். ஒன்பது மாதத்தில் நாற்பத்துமூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் பென்சிலால் உத்தேசப் பொருள். அவருக்கு எரிச்சல் வந்த நாள்களில் முனகல் நீளமாகவும் கரகரப்பாகவும் இருந்தது. ‘விருந்தினர் இன்று கோபமாக இருக்கிறார்கள்’ என்று குறித்துவைத்தார். அப்படிப்பட்ட நாள்கள் வரவர அதிகமாயின.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் நான்காம் ஆளைப் பார்த்து, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டார். அதற்கும் ஒரு முனகல் வந்தது. முப்பத்தொன்றாம் எண்.

2072 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, துணை ஆட்சியர் ரஹமத்துல்லா அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் தலைநகரிலிருந்து வந்த உத்தரவு இருந்தது. ‘எண்ணிக்கை பதினொன்று’ என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலை கிரேன் வரும். பதினொன்றையும் தூக்கித் தலைநகர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போனதும் முதல் வேலையாக ஒன்றை அறுத்துப் பார்ப்பதாகத் திட்டம்.

விருந்தினர் தரப்பில் ஆட்சேபணை இருந்தால் மொழிபெயர்ப்பாளர் மூலமாகப் பதிவு செய்யலாம் என்றது கடைசிப் பத்தி. பதிவாகவில்லை என்றால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும்.

ரஹமத்துல்லாவுக்கும் இதில் இஷ்டம் இல்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஒரே ஒரு வாக்கியம் போதும் சார். எங்களை நகர்த்தாதீங்கன்னு. கிரேனை நான் நிறுத்திடுறேன்.”

“அவங்க எதுவும் சொல்லலையே.”

“நீங்க எழுதிக் கொடுத்தா சொன்ன மாதிரிதான். இதை யாரு சரிபார்க்கப் போறா?”

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. மாசிலாமணியைக் கலங்கடித்ததே அதுதான்.

ஏனென்றால் ஒருமுறை அவர் அதைச் செய்திருக்கிறார்.

பத்து வருடத்துக்கு முன்னால், ஒரு கொலை வழக்கு. செங்கல் சூளையில் வேலை பார்த்த வெளிமாநிலப் பெண் ஒருத்தி சாட்சி. நீ பார்த்த ஆள் இவன்தானா என்று கூண்டில் நின்ற தங்கப்பழத்தைக் காட்டிக் கேட்டார்கள். மாசிலாமணி அதை அவள் மொழியில் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போனது. உணவு இடைவேளை தாண்டிவிட்டது. என்னய்யா சொல்கிறாள் என்று நீதிபதி சலித்துக்கொண்டார்.

“ஆமாம் என்கிறார்” என்றார் மாசிலாமணி.

தங்கப்பழத்துக்கு ஆயுள் தண்டனை. நான்காம் வருடம் உண்மையான ஆள் பிடிபட்டான். தங்கப்பழம் வெளியே வந்தபோது அவன் மனைவி வேறு ஊருக்குப் போயிருந்தாள். மாசிலாமணி இதுவரை அவனைப் போய்ப் பார்க்கவில்லை.

தண்டனை விதித்ததற்கு மறுவருடம், அந்தப் பெண்ணின் மௌனம் தூங்கவிடாமல் தொந்தரவு செய்யத் தொடங்கியபோதுதான் அவர் தையல்நாயகியிடம் போனார்.

தையல்நாயகி செங்கரம்பையில் தண்ணீர் திறந்துவிடுபவர். மாசிலாமணியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பேரூராட்சியின் மோட்டார் ரூம்தான் அவர் இடம். நான்கு நாளைக்கு ஒருமுறை வால்வைத் திறப்பார், நேரம் முடிந்ததும் மூடுவார். குழாயடியில் காத்திருந்தவர்கள் காலப்போக்கில் அவரிடம் வேறு விஷயங்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் எப்போதாவது பதில் சொன்னார். எப்படியோ நான்கைந்து பேர் அவரைக் குரு என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் எதிரில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

முதல் நாள் மாசிலாமணி அவரிடம் கேட்டது, நான் செய்தது பாவமா என்று. அந்த வால்வைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார் தையல்நாயகி. நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தது. பதில் வரவில்லை. மறுமுறை தண்ணீர் விடும் நாளில் திரும்பவும் போனார். இப்படி ஒன்பது வருடம். குரு இதுவரை சொன்னதையெல்லாம் எழுதினால் ஒரு தபால் அட்டை நிரம்பாது என்பது சிஷ்யரின் நெடுநாள் மனக்குறை.

சனிக்கிழமை தண்ணீர் விடும் நாள். மாசிலாமணி நாற்பத்துமூன்று முனகல்கள் எழுதிய நோட்டை நூலால் கட்டி எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போனார்.

வெளியே குழாயடியில் குடங்கள் நின்றன. மனிதர்கள் ஐந்தாறு பேர்கூட இல்லை. தண்ணீர் பத்து மணிக்குத்தான். இடம் போட்டுவிட்டு எல்லாரும் அவரவர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

தையல்நாயகி மோட்டாருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மாசிலாமணி உத்தரவைப் பற்றிச் சொன்னார், கிரேனைப் பற்றிச் சொன்னார், அறுத்துப் பார்க்கப் போவதைச் சொன்னார். ரஹமத்துல்லா கேட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. தையல்நாயகி கிரீஸ் டப்பாவை மூடினார். துணியில் கையைத் துடைத்தார். வேறு ஒரு ஸ்பானரைத் தேடினார்.

மாசிலாமணிக்குப் பொறுமை போய்விட்டது.

“அம்மா, நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன். ஒன்பது மாசமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன். அவங்க ஏன் பேச மாட்டேங்குறாங்க?”

தையல்நாயகி ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

“அந்தப் பச்சைக் குடம் தெரியுதாய்யா? ஏழாவது. அதுகிட்ட போயி, நீ யாரு, எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டுட்டு வாங்க.”

“வெளையாடாதீங்கம்மா.”

“நான் வேலையா இருக்கேன். போய்க் கேட்டுட்டு வாங்க.”

அவர் போனார். ஒன்பது வருடப் பழக்கம், கால்கள் தாமாக நடந்தன. வாய் மட்டும் வழியெல்லாம் முணுமுணுத்தது. மூன்று முதலமைச்சர்கள் கையெழுத்திட்ட நற்சான்றிதழ் வைத்திருக்கும் மனிதன், அறுபத்தொரு வயதில், குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் முன்னால் குனிந்தார். எரிச்சலையெல்லாம் சேர்த்துக் குடத்தின் வாயில் கேட்டார்.

“யாரு நீ? எதுக்கு வந்திருக்கே?”

குடம் முனகியது.

மாசிலாமணி குனிந்தபடியே நின்றார். அந்த முனகல் அவருக்குத் தெரியும். பதினேழாம் எண். உத்தேசப் பொருள்: தயக்கத்துடன் மறுப்பு.

மெதுவான குரலில் இன்னொருமுறை கேட்டார். இரண்டாம் எண். இருமினார். முப்பத்தொன்பது.

“என்ன சார், என் கொடத்துக்குள்ள என்னத்தத் தேடுதீங்க?”

பின்னால் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். மாசிலாமணி நிமிர்ந்தார். இது உன்னுடையதுதானா என்று கேட்டார், கேட்க வேறொன்றும் தோன்றவில்லை.

“பின்னே? கழுத்துல செவப்பு நூல் கட்டியிருக்கேனே, தெரியலயா?”

தெரிந்தது. அதற்கடுத்த குடத்தில் நீலப் பெயிண்ட் கோடு தெரிந்தது. அதற்கும் அடுத்ததில் மூன்று பொட்டு. ஒரு சில்வர் குடத்தின் விலாவில் ஒடுக்கு. முதல் குடத்திலிருந்து கடைசிக் குடம்வரை அவர் மெள்ள நடந்து பார்த்தார். பிறகு மோட்டார் ரூமுக்குத் திரும்பி, கையிலிருந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்துமூன்று வகை. தனக்கு நாற்பத்துமூன்று விதமாகப் பேசத் தெரியும் என்பதையே அவர் இப்போதுதான் தெரிந்துகொண்டார்.

ஜன்னல் வழியாகக் குடங்களைப் பார்த்தபடி கேட்டார்.

“அப்போ அவங்க இன்னும் வரலையா?”

“எடம் போட்டுட்டுத்தானே போயிருக்காங்க” என்றார் தையல்நாயகி. “வருவாங்க.”

“எப்போ?”

“குழாய் திறக்கும்போது.”

“எந்தக் குழாய்? எப்போ திறக்கும்? அதுல என்ன வரும்?”

“அந்தக் குழாயை நானா திறக்கேன்? எனக்கு எப்படிய்யா தெரியும்?”

சரி, திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்று மாசிலாமணி கேட்டார். அதற்குத் தையல்நாயகி ஒரு பழைய விஷயத்தைச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரின் கார் இந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. புதிதாக வந்த பொறியாளர் ஒருவர், வழியை அடைக்கிறது என்று எண்பது குடங்களையும் எடுத்து ஓரமாகக் குவிக்கச் சொன்னார். ஒரு குடம்கூட உடையவில்லை, அவ்வளவு பத்திரமாகக் குவித்தார்கள். கார் போய்விட்டது. பத்து மணிக்கு ஆள்கள் வந்தார்கள். யார் முதல், யார் அடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சு வளர்ந்தது. அக்கா தங்கச்சியாகப் பழகியவர்கள் குடுமியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. அதில் ஒருத்தி இன்றைக்கும் ஒரு காதால்தான் கேட்கிறாள்.

“தண்ணி வந்துச்சா?” என்றார் மாசிலாமணி.

“வந்துச்சு. முழுசும் சாக்கடைக்குப் போச்சு.”

மாசிலாமணி எழுந்து, உட்கார்ந்து, திரும்ப எழுந்தார். இதை அப்படியே போய்ச் சொன்னால் தலைநகரத்தில் சிரிப்பார்கள் என்றார். ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும் என்றார். நல்லதற்குச் சொல்லும் பொய்தானே என்றார். கடைசியில் அது கேள்வியா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

தையல்நாயகி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

“அந்தச் சூளைக்காரப் பொண்ணு அன்னைக்கு என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லலை.”

“அதை நீங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே அய்யா.”

மணி பத்தானது. தையல்நாயகி வால்வைத் திறக்கப் போனார். போகும்போது மூலையில் கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் காலால் மாசிலாமணி பக்கம் நகர்த்தினார். திங்கட்கிழமை தானும் வருவதாகவும், அதற்குள் இதைக் கழுவி, ஏதாவது ஓர் அடையாளம் கட்டிவைக்கும்படியும் சொன்னார்.

மாசிலாமணி வீட்டுக்குப் போய்க் குடத்தைக் கழுவினார். அடையாளத்துக்கு என்ன கட்டுவது என்று யோசித்தார். பிறகு நோட்டைச் சுற்றியிருந்த நூலை அவிழ்த்துக் குடத்தின் கழுத்தில் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை குடத்தை மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்தார்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே கிரேன் வந்துவிட்டது. ஓட்டுநர் பெயர் ஞானதிரவியம். காற்றாலை இறக்கைகளைத் தூக்கிப் பழகியவர், கையில் சுத்தம் உண்டு என்று பெயர் எடுத்தவர். முதல் ஆளின் பொன்னாடை அழுக்காகாமல் பட்டையை எப்படி மாட்டுவது என்று அளந்துகொண்டிருந்தார்.

ரஹமத்துல்லா மாசிலாமணியைத் தனியே அழைத்துப்போனார். கையில் வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

“என்ன சொன்னாங்க சார்?”

மாசிலாமணி பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தார். ஒரு சொல் போதும். அது பற்களுக்குப் பின்னால் வந்து நின்றது.

“ஒண்ணும் சொல்லலை” என்றார். “ஆமாம்னும் சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை. அப்படியே எழுதிக்குங்க.”

அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்றுதான் எழுத முடியும் என்று ரஹமத்துல்லா உத்தரவின் கடைசிப் பத்தியைத் தட்டிக்காட்டினார். தெரியும் என்றார் மாசிலாமணி. பிறகு எதற்கு இத்தனை மாதம் சம்பளம் வாங்கினீர்கள் என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டு, துணை ஆட்சியர் எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் தையல்நாயகி வந்தார். இடுப்பில் மஞ்சள் குடம். வேலிக் காவலர்கள் அவரை நிறுத்தவில்லை. அவர்கள் தெருவுக்கும் தண்ணீர் விடுபவர் அவர்தான். நேரே உள்ளே போய், பதினோராம் ஆளுக்குப் பின்னால் நான்கு அடி எண்ணி, குடத்தை வைத்தார். சற்று கோணலாக இருந்தது. நேராக்கினார். திரும்பி வந்து மாசிலாமணியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஞானதிரவியம் சிரிக்கவில்லை. பட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குடம்வரை நடந்து வந்தார். குடத்தைப் பார்த்தார். குடத்திலிருந்து முன்னால் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே முதல் ஆள்வரை போனார். திரும்பி வந்தார்.

“வரிசையாக்கா இது?” என்று தையல்நாயகியிடம் கேட்டார்.

“ஆமா.”

“எதுக்கு?”

“தெரியாது தம்பி.”

“கொடம் யாருக்கு?”

“ஊருக்கு.”

ஞானதிரவியம் போய் இன்ஜினை நிறுத்தினார்.

குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார் என்றார் ரஹமத்துல்லா. வரிசையில் இருக்கும் குடத்தைத் தொடமாட்டேன் என்றார் ஞானதிரவியம். ரஹமத்துல்லாவுக்கு ரத்தம் கொதித்தது. வேறு கிரகத்து ஆள்கள் பதினோரு பேரைத் தூக்க வந்தவன், முந்நூறு கிராம் பிளாஸ்டிக்கைத் தூக்கமாட்டாயா என்று கேட்டார்.

“சார், அவங்க என்னன்னு எனக்குத் தெரியாது. கொடம் என்னன்னு தெரியும். அடுத்தவங்க கொடத்தை நவுத்திட்டு நான் வீட்டுக்குப் போனேன்னு வைங்க, எங்கம்மா சோறு போடமாட்டா.”

“அதை விட்டுடு. முன்னால இருக்கிறதைத் தூக்கு.”

“கொடம் வரிசைன்னா முன்னால இருக்கிறதும் வரிசைதானே சார்.”

வேலிக்கு வெளியே சிரிப்பு நின்றிருந்தது. அங்கே இருந்தவர்களில் குடம் வைக்காதவர் யாரும் இல்லை. வெயில் ஏறியது. ரஹமத்துல்லா தொப்பியைக் கழற்றி, மாட்டி, திரும்பக் கழற்றினார். வேறு ஓட்டுநரை வரவழைக்கலாம், ஆனால் அவனும் இந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருப்பான். தலைநகருக்கு உடனே தகவல் அனுப்பியாக வேண்டும். எழுதிய தாளைக் கிழித்தார். அவர் குரலில் அழாத குறை.

“நான் இப்போ என்னன்னும்மா எழுதுறது?”

“பன்னிரண்டுன்னு எழுதுங்க” என்றார் தையல்நாயகி.

ரஹமத்துல்லா அப்படியே எழுதினார். உத்தரவு பதினொன்றுக்குத்தான் என்பதால் மேற்கொண்டு நடவடிக்கை இயலவில்லை என்றும் சேர்த்தார். பன்னிரண்டாவது எப்படிப்பட்டது என்று மதியம் தலைநகரிலிருந்து கேட்டார்கள். மஞ்சள் நிறம், உள்ளே வெற்றிடம், கேள்விகளுக்கு முனகுகிறது என்று பதில் போனது. அவ்வளவும் உண்மை. பன்னிரண்டாவதைப் பற்றி ஆராய நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. கிரேன் மறுபடி காற்றாலைக்குப் போனது.

அன்று பொட்டலிலிருந்து மாசிலாமணி தையல்நாயகியோடு திரும்பி நடந்தார். ஊர் எல்லைக்கு வந்தபோது அடக்கமாட்டாமல் கேட்டார். ஒன்பது வருடத்து எரிச்சலும் அதில் இருந்தது.

“எதுக்குன்னே தெரியலை. எப்போன்னு தெரியலை. முன்னால நிக்கிறது யாருன்னும் தெரியலை. அந்த வரிசையில போயி நாம எதுக்கும்மா நிக்கணும்?”

“நம்மளை யாருய்யா நிக்கச் சொன்னா?” என்றார் தையல்நாயகி. “கொடம்தான் நிக்குதே. நீங்க போயி உங்க வேலையைப் பாருங்க.”

என்ன வேலை என்று மாசிலாமணி கேட்கவில்லை. தங்கப்பழத்தின் ஊருக்குப் பதினொன்றே காலுக்கு ஒரு பேருந்து இருந்தது.

2072 ஏப்ரல் 18, திங்கட்கிழமை, காலை ஆறு பத்துக்குச் சுடலையாண்டி பார்த்தபோது முதல் ஆள் இல்லை. அவருடைய பொன்னாடை நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மற்ற பத்துப் பேரும் நான்கடி முன்னால் நின்றிருந்தார்கள். மஞ்சள் குடமும் நான்கடி முன்னால் இருந்தது. வேலிக்குள் யாரும் போகவில்லை என்று காவலர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை பதினொன்று.